ஐஸ் பெட்டிக்கு ஒரு பிளாக்

செப்டம்பர் 2, திங்கள்

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்வளையில் ஒரு கட்டி. அதில் கொஞ்சம் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும் வரை, புண் ஆறும் வரை வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாதாம். அது கத்துவதைவிடக் கெடுதலாம்.

பேசாமல் இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று பயந்து, எண்ணெய்க் கடையில் தை மாதம் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியை என் வீட்டுக்காரி உலகம்மாள் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு சிலேட்டும் வாங்கி வந்தாள். கடைக்காரர் பேரனுக்கா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எதையாவது எழுத வேண்டும் என்றால் தொழிலைப் பற்றித்தான் எழுதத் தெரியும். பாளையங்கோட்டையில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறோம். வீட்டில் யாராவது இறந்துபோனால், வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும் வரை உடலை வைப்பதற்கான பெட்டி. பெட்டி எல்லோரிடமும் இருக்கிறது. ஒரே கம்பெனிப் பெட்டிதான். ஆனால் போனை எடுத்துப் பேசுகிற ஆள் ஆவுடையப்பன் என்பதால்தான் ஊர் எங்களைக் கூப்பிடுகிறது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் குரல்தான் கடை. அது இப்போது பூட்டிக் கிடக்கிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

போனை உலகம்மாள் எடுக்கிறாள். காலையில் வந்த முதல் அழைப்புக்கு, "சொல்லுங்க, யாரு செத்தது?" என்று கேட்டாள். மேசையைத் தட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. சிலேட்டில் ‘பேர் கேள்’ என்று எழுதிக் காட்டினேன். கூப்பிட்டவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

என் வழக்கம் வேறு. போனை எடுத்ததும் இறந்தவருடைய பெயரைக் கேட்பேன். அதற்குப் பிறகு கடைசி வரை பெயரைச் சொல்லித்தான் பேச்சு. ‘பாடி’ என்ற சொல் எங்கள் கடையில் கிடையாது. வண்டி ஓட்டும் சுடலைக்கும் இதைச் சொல்லியே பழக்கியிருக்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்லிக்கொடுக்க இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை.

பெட்டியைக் கரண்டில் மாட்டப் பவர் பிளக் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டாள். சுடலை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வயர் எடுத்துப் போனான்.

செப்டம்பர் 5, வியாழன்

மெர்லின் வந்தது. வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் பெண்பிள்ளை. போன வருஷம் அதன் அம்மா தவறியபோது நம் பெட்டிதான் போயிற்று. எனக்குப் பேச்சில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு வெப்சைட் போட்டுத் தருகிறேன் அண்ணாச்சி என்று வந்து நிற்கிறது. சென்னைக் கம்பெனி ஒன்று ஆப் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டதாம். செல்போனில் தேடினால் அவர்கள் பெயர்தான் முதலில் வருகிறதாம்.

வெப்சைட் சரி என்று தலையாட்டினேன். அதோடு நிற்கவில்லை. அதில் ஒரு பிளாக்கும் வேண்டுமாம். சுடலைக்கு எந்தப் பிளாக் என்று சந்தேகம். அவன் குடியிருக்கும் ஹவுசிங் போர்டில் ஏ பிளாக், பி பிளாக் உண்டு. தமிழில் வலைப்பூ என்று சொல்வார்களாம். பூ வேண்டுமென்றால் மாலைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

தொழிலைப் பற்றி நாமே அவ்வப்போது கட்டுரை எழுதி அதில் போட வேண்டும், தேடுகிறவர்கள் படித்துவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள் என்று மெர்லின் விளக்கியது. சிலேட்டில் எழுதினேன்: ‘வீட்டில் சாவு விழுந்தவனுக்குப் படிக்க நேரம் இல்லை. நேரம் இருக்கிறவனுக்கு நம் பெட்டி தேவை இல்லை. யார் படிப்பார்?’

மெர்லின் தலையைச் சொறிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. பேசாமலே ஜெயித்த முதல் வாக்குவாதம்.

செப்டம்பர் 9, திங்கள்

மெர்லின் மாதிரி வெப்சைட்டை லேப்டாப்பில் கொண்டுவந்து காட்டியது. ஏதோ ஒரு அச்சு வார்ப்பில் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி ஊற்றி எடுக்கிறார்கள் போலிருக்கிறது. மேலே வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நடுவில் ‘எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று கொட்டை எழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, ‘நன்றி, மீண்டும் வருக.’

ஐஸ் பெட்டிக்கு மீண்டும் வருக!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உலகம்மாள் தண்ணீரோடு ஓடி வந்தாள். மெர்லினுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

உலகம்மாள்தான் அதற்கு விளக்கம் சொன்னாள். சாவு வீட்டுக்குப் போனால் திரும்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஐஸ் பெட்டிக்காரன் அதைத் தொழிலாகவே செய்கிறவன். பெட்டியை வண்டியில் ஏற்றினோமா, தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். வாங்க கிடையாது, வாரேன் கிடையாது.

அதோடு விட்டிருக்கலாம். "இவிய வீட்டுலயும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாளாவது எங்கிட்ட போயிட்டு வாரேன்னு சொன்னது உண்டா? செருப்பு சத்தம் கேட்டாத்தான் போய்ட்டாவன்னு தெரியும்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்பது அதிகப்படி. தொழில் தொடங்கிய பிறகுதான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒரு போனும் வரவில்லை. ஊருக்கு நல்லதுதான்.

செப்டம்பர் 14, சனி

ஊருக்கு நல்லது ஒன்றும் நடந்துவிடவில்லை. முருகன்குறிச்சியில் பெரிய வீட்டுச் சாவு. அந்த வீட்டுக்கு முன்பு இரண்டு தடவை போயிருக்கிறேன். இந்தத் தடவை சென்னைக் கம்பெனியின் பெட்டி போயிருக்கிறது. மகன் அமெரிக்காவிலிருந்தே செல்போனில் ஏற்பாடு செய்துவிட்டானாம். சுடலை வந்து சொன்னான். உலகம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் மெர்லின் மறுபடி வந்தது. வெள்ளைக்காரர்களைத் தூக்கிவிட்டது. மகிழ்ச்சியான வாடிக்கையாளர்களையும் தூக்கிவிட்டது. பிளாக்கை மட்டும் விடவில்லை. யாரிடமோ காசு கொடுத்து ஒரு கட்டுரை எழுதி வாங்கி வந்திருந்தது. தலைப்பு, ‘குளிர்பதனப் பெட்டியின் ஐந்து அற்புத நன்மைகள்’. எழுதியவர் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. உள்ளே நிறையப் பூ வைத்து அலங்கரிக்கலாம் என்கிறார். பூவை உள்ளே அடைத்தால் குளிர் எப்படிச் சுற்றும்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடிக்கடி எழுதிப் போடாவிட்டால் பிளாக் செத்துப்போகும் அண்ணாச்சி என்றது. ‘செத்தால் நம்மிடம் பெட்டி இருக்கிறது’ என்று எழுதிக் காட்டினேன்.

அதற்கும் சிரித்துவிட்டுக் கிளம்பிய பிள்ளை, வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னது.

"அண்ணாச்சி, எங்க அம்மா தவறுனப்போ நீங்க போன்ல பேசுனதை அப்படியே எழுதுங்க. அது போதும். அன்னைக்கு நீங்க மட்டுந்தான் எங்க அம்மா பேரைக் கேட்டிய. மத்த எல்லாரும் பாடின்னுதான் சொன்னாவ."

அந்த அம்மாள் பெயர் ரோஸ்லின் தங்கம். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுதிவிட்டேன். எழுதுவது போனில் பேசுவதைவிடக் கஷ்டம். போனில் எதிரே இருக்கிறவர் அழுதால் நிறுத்திக்கொள்ளலாம். தாளில் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

தலைப்பு வைத்தது மெர்லின்: ‘முதல் ஒரு மணி நேரம்’. நான் எழுதியதில் ஒரு துண்டை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

‘முதலில் உட்காருங்கள். அவசரம் இல்லை, நடக்க வேண்டியது நடந்துவிட்டது. வீட்டில் இறந்திருந்தால் பக்கத்து டாக்டரை அழைத்து வந்து பார்க்கச் சொல்லிச் சான்று வாங்குங்கள். விரலில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள், பிறகு கழற்றுவது சிரமம். ஒரு நல்ல போட்டோ தேடி எடுங்கள். பவர் பிளக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதையெல்லாம் வீட்டில் மிகவும் அழுகிறவரிடமே கொடுங்கள். கைக்கு வேலை இருப்பது நல்லது.’

உலகம்மாள் படித்துப் பார்த்தாள். "இவ்வளவும் போன்லயா பேசுவிய? நான் என்னமோ வாடகைதான் பேசுதியன்னு நெனச்சேன்" என்றாள். சிலேட்டை எடுத்தேன். ‘வாடகை கடைசியில்தான்’ என்று எழுதிக் காட்டினேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மெர்லின் கணக்குப் பார்த்துச் சொன்னது. பிளாக்கைப் படித்தவர்கள் நான்கு பேர். அதில் மெர்லின் ஒன்று, நான் ஒன்று. சுடலை தானும் திறந்து பார்த்ததாகச் சொல்கிறான். அவன் படத்தை மட்டும் பார்ப்பவன். மீதி ஒருவர் யாரோ. நான் சொன்னது சரிதான், எடுத்துவிடலாம் என்று எழுதிக் காட்டினேன். இந்த மாதக் கடைசி வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி என்றது.

செப்டம்பர் 27, வெள்ளி

ரிசல்ட் வந்தது.

கடைக்கு நீள வயர் ஒன்று வாங்க வேண்டும். இரண்டாவது பெட்டியின் மூடியில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

பிளாக்கில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பெயர் போடும் இடத்தில் ‘வாசகி’ என்று இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறார்:

‘என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். இந்த மாதிரி விஷயங்களை இப்போதே படிப்பது தப்பா? நீங்கள் நல்ல போட்டோ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சிரித்த மாதிரி ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. இப்போது எடுக்கலாம் என்றால் எதற்கு என்று கேட்பார்.’

பதில் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை. எழுதிப் போட்டேன்: ‘படிப்பது தப்பில்லை. படித்ததால் யாரும் இறந்ததில்லை. போட்டோ எடுத்தும் இறந்ததில்லை. ஏதாவது விசேஷத்தைச் சாக்கு வைத்து எடுத்துவிடுங்கள். ஆண்களுக்கு நல்ல சட்டை போட்டுவிட்டால் மற்றதைக் கேட்க மாட்டார்கள்.’

அக்டோபர் 3, வியாழன்

இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

புற்று. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விடுவேன். சாப்பிடலாம், நடக்கலாம், வண்டி ஓட்டலாம். பேச முடியாது. பிற்பாடு ஒரு கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்றார்கள். அது என் குரலாக இருக்காது. வயதும் சர்க்கரையும் இருப்பதால் ஆபரேஷனிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு என்பதை டாக்டர் மறைக்காமல் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரைப் பார்த்த எனக்குப் பயம் வராது என்று நினைத்திருந்தேன். வருகிறது.

ஒரு சலுகை. புண் ஆறிவிட்டது, ஆபரேஷன் வரைக்கும் இனிப் பேசலாம் என்று இன்று போனபோது டாக்டர் சொல்லிவிட்டார். பேச வேண்டியதை எல்லாம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. ஆசையாக நானே எடுத்தேன். "அவிய பேரு என்ன?" என்று கேட்டேன். கரகரவென்று பாதிதான் வந்தது. எதிர்ப்பக்கம் இருந்தவர், "அழாதீங்கய்யா" என்றார். அம்மாவைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

போனை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பெயரைக் கேட்டாள். சங்கரவடிவு. பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே பேசினாள். மோதிரம், பிளக், கதவின் அகலம், டாக்டர் சான்று என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "நீங்க காலையில சாப்டியளா? ஒரு வாய் காப்பியாவது குடிங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றியதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

சாந்தி நகரில் உலகம்மாளின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. சாவுத் தொழில்காரன் வளைகாப்புக்குப் போவதில்லை என்று நானாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். யாரும் சொன்னதில்லை. உலகம்மாள் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். போன தீபாவளிக்கு எடுத்து, மடிப்புக் கலையாமல் கிடந்த சந்தன நிறச் சட்டையைப் போடச் சொன்னாள். அங்கே வந்திருந்த போட்டோக்காரரிடம் எங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். பிறகு என்னை மட்டும் தனியாக ஒன்று. சிரிங்க என்றாள். எதற்கு என்று கேட்டேன். உங்கள் மூஞ்சியில் மீண்டும் வருக என்று எழுதியிருக்கிறது என்றாள். சிரித்துவிட்டேன். நல்ல வெளிச்சம்.

சாப்பாடு பிரமாதம். ஏழு வகைச் சோறு. எலுமிச்சை சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம். உள்ளே போய்ப் படுத்து எழுந்து வருவதற்கு முக்கால் மணி நேரம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நீளப் பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஆட்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆளுக்கொரு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தன் ஆளை அனுப்பிவிட்டு, என்ன சொல்வார்களோ என்று காத்திருக்கிறவர்கள்.

யார் படிப்பார் என்று மெர்லினிடம் கேட்டேன் அல்லவா. இதோ, பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு நேரம் இருக்கிறது. நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. யாரிடம் கேட்பது, கேட்டால் அபசகுனம் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். இவர்கள் எனக்குப் போன் செய்ய மாட்டார்கள். செய்யும் நேரம் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

கடைசிப் பெஞ்சில் உலகம்மாள். பின்பக்கமாகப் போனதால் அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ‘முதல் ஒரு மணி நேரம்.’ அதற்குக் கீழே வாசகியின் கேள்வி. அதற்குக் கீழே என் பதில். நல்ல சட்டை போட்டுவிட்டால் மற்றதைக் கேட்க மாட்டார்கள்.

திரும்பிப் போய் ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டு, சத்தமாக இருமினேன். அவள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். காப்பி குடித்தோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

அக்டோபர் 9, புதன்

மெர்லினை வரச்சொல்லி விஷயத்தை முடித்துவிட்டேன். பிளாக் இருக்கட்டும். வாரம் ஒன்று, மாதம் இரண்டு என்கிற கணக்கு வேண்டாம். யாராவது கேட்டால் பதில் எழுதுவோம், கேட்காவிட்டால் சும்மா இருப்போம். சும்மா இருப்பதால் அது செத்துப்போனதாக ஆகாது. காத்திருக்கிற மாதிரிதான். கடைப் பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம், வாடகை எவ்வளவு என்பது அந்தப் பக்கத்தில் வரவே கூடாது. பிறகு கடைக்கு எப்படி வியாபாரம் வரும் என்று மெர்லின் கேட்டது. வந்தால் வரட்டும், உலகம்மாள் போன் எடுப்பாள் என்றேன்.

பக்கத்துக்குக் கீழே ‘மீண்டும் வருக’ இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே என்ன போடலாம் என்று கேட்டது. ஒன்றும் வேண்டாம், காலியாகவே விடு என்றேன்.

வாசகிக்கு எழுதிய பதிலில் மட்டும் இரண்டு வரி கூட்டச் சொன்னேன்: ‘எடுத்த போட்டோவை பீரோவில் ஒளித்து வைக்க வேண்டாம். சட்டம் போட்டு ஹாலில் மாட்டுங்கள். அவர் வந்து பார்த்துக்கொள்வார்.’

தட்டச்சு செய்துகொண்டிருந்த மெர்லின் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தது. மறுபடி தட்டச்சைத் தொடர்ந்தது. கெட்டிக்காரப் பிள்ளை.

அக்டோபர் 14, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். பேச வேண்டியதை எல்லாம் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் நானும் உலகம்மாளும் தேங்காய் விலை, தங்கை மகள், சுடலையின் பல்வலி என்று இதைத்தான் பேசினோம். வேறென்ன பேசுவார்கள்?

அக்டோபர் 26, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் குழாய். சிலேட்டுக்குப் புதுப் பல்பம். சுடலை என்னைப் பார்த்து அழுதுவிட்டான். ஒரு வாய் காப்பி குடி என்று உலகம்மாள் அவனை அதட்டினாள். போன் பழையபடி அடிக்கிறது. பிளாக்கில் மூன்று கேள்விகள் காத்திருக்கின்றன. ஒருவர், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இருக்கிறேன், என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறார். அதற்கு நாளை யோசித்து எழுத வேண்டும்.

ஆபரேஷன் அன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். தள்ளுவண்டியில் படுக்க வைத்துக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவு வரைக்கும் உலகம்மாள் கூட நடந்து வந்தாள். இதற்கு மேல் வரக் கூடாது என்று நர்ஸ் தடுத்துவிட்டது. வண்டி கதவுக்குள் பாதி போய்விட்டது. வழக்கம்போல நான் பேசாமல்தான் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். நர்ஸ் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டது.

"போயிட்டு வாரேன்" என்றேன்.

கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது. என் சொந்தக் குரலில் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியள்லா. இனி வந்துதான் ஆவணும்" என்றாள்.

ஹாலில் போட்டோ மாட்டியிருக்கிறாள். சந்தனச் சட்டை. சிரிக்கிறேன். கொஞ்சம் சாய்வாக மாட்டிவிட்டாள். நாளைக்கு ஸ்டூல் போட்டு நேராக்க வேண்டும்.